தொட்டில் வீட்டுக்குக் கண் போதும், காது வேண்டாம்

சென்ற இதழில் நம் சங்க உறுப்பினர் ஒருவர் குழந்தைக் காப்பகங்களைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். வேலைக்குப் போகும் மகளுக்காகக் காப்பகம் தேடி அலைந்த அனுபவத்தை மனம் விட்டு எழுதியிருந்தார். முடிவில், வீட்டில் காப்பகம் நடத்துகிறவர்கள் எல்லாரும் படமும் பேச்சும் சேர்ந்து பதிவாகும் கேமராவைக் கட்டாயம் பொருத்த வேண்டும், பெற்றோர் அதை எந்நேரமும் கைப்பேசியில் பார்க்க வழி செய்ய வேண்டும், மறுக்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் பொருள் என்று அழுத்தமாகச் சொல்லியிருந்தார். நான் மறுக்கிறவள். முழுவதையும் அல்ல, பாதியை. ஆகவே பதில் எழுத வேண்டியது என் கடமை என்று தோன்றியது.

2003-ஆம் ஆண்டு முதல் டோம்பிவிலியில் என் வீட்டில் பாள்ணாகர் நடத்தி வருகிறேன். இந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: மராட்டியில் பாள்ணா என்றால் தொட்டில், கர் என்றால் வீடு. தொட்டில் வீடு. எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். பெயர்ப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. “இரண்டாவது மாடியில் அந்த மாமி பார்த்துக்கொள்கிறாள்” என்று ஒருவர் சொல்லி ஒருவர் வருவதுதான். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. எட்டுக் குழந்தைகள், அதற்கு மேல் எடுப்பதில்லை. நானும், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை என்னுடன் இருக்கும் மாவ்ஷியும். தமிழ்க் குழந்தைகள் என்னைப் பாட்டி என்கின்றன, மராட்டிக் குழந்தைகள் ஆஜி என்கின்றன. ஒரு மாதம் போனால் எல்லாம் கலந்துவிடும். “ஆஜி, தண்ணி” என்று கேட்கும் மராட்டிப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் சகஜம்.

2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 26 வாரம் விடுப்புத் தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் காலை ஏழே முக்கால் வண்டியில் டோம்பிவிலியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நெரிசலில் பெரியவர்களே கால் ஊன்ற முடியாது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் பாந்திரா வரை போவாள்? அலுவலகத்தில் தங்கத்தில் தொட்டில் கட்டி வைத்தாலும் குழந்தை இருக்க வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில்தான். அதனால்தான் எங்களைப் போன்றவர்களின் வீடுகள் நிறைந்திருக்கின்றன.

இந்த வீடுகளை யாராவது வந்து பார்க்கிறார்களா? இத்தனை ஆண்டுகளில் அரசாங்கத்தின் சார்பில் என் கதவைத் தட்டியவர்கள் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் பெண்களும், 2011-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரும்தான். சொட்டு மருந்துப் பெண்களுக்கு ஒரே வீட்டில் இத்தனை குழந்தைகளைக் கண்டதும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவர்கள் தவிர, தரை வழுக்குகிறதா, மின்செருகிகள் மூடியிருக்கின்றனவா, குழந்தைகளைக் குளிப்பாட்டுவது யார் என்று எந்த அதிகாரியும் என்னைக் கேட்டதில்லை. ஆகவே கடிதம் எழுதிய அன்பரின் பயம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை.

2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கர் பகுதியில் நடந்ததை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு காப்பகத்தில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்ததும் உதைத்ததும் அங்கிருந்த சிசிடிவி கேமராவில் பதிவாகியிருந்தன. தொலைக்காட்சியில் அதைக் காட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து உள்ளே போய்விட்டேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் குழந்தையை இறக்கிவிட்ட தாய்மார்கள் வழக்கமாக நிற்பதைவிட ஒரு நிமிடம் அதிகம் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்குச் சுட்டது. நானாகவே சொன்னேன், கேமரா வைக்கிறேன் என்று. அடுத்த மாதமே கூடத்தில் ஒன்று வந்துவிட்டது.

அந்தக் கார்கர் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கேமரா அங்கே ஏற்கனவே இருந்தது. இருந்தும் அடி விழுந்தது. கேமரா அடியைத் தடுக்கவில்லை, நடந்த பிறகு சாட்சி சொன்னது. குழந்தையின் உடம்பில் காயத்தைக் கண்டு கேள்வி கேட்டவர்கள் பெற்றோர்தான். 2024 ஆகஸ்டில் எங்களுக்கு நாலைந்து ஸ்டேஷன் தள்ளி பத்லாபூரில் ஒரு பள்ளியில் இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை வெளிவந்தபோது, பதினைந்து நாள் பதிவு கிடைக்கவில்லை என்று கல்வி அமைச்சரே சொன்னார். மக்கள் கொதித்துப்போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், மணிக்கணக்காக வண்டி ஓடவில்லை. அதற்குப் பிறகு மாநில அரசு எல்லாப் பள்ளிகளும் ஒரு மாதத்துக்குள் கேமரா வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஓர் இடத்தில் கேமரா இருந்தது, பார்க்க ஆள் இல்லை. இன்னோர் இடத்தில் பதிவே இல்லை. பொருத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆனாலும் வாய் பேசத் தெரியாத குழந்தைக்கு ஒரு சாட்சி வேண்டும். அந்த அளவில் படத்துக்கு நான் முழு ஆதரவு.

ஒலிக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இரண்டரை வயதுப் பையன் ஒருவன், நம் தமிழ்க் குடும்பம்தான், காலையில் என் வீட்டுக்கு வர அழ ஆரம்பித்தான். வீட்டில் “பாட்டி அடி” என்று வேறு சொல்லியிருக்கிறான். தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? என்னிடம் கேட்கத் தயங்கியிருக்கிறாள். கூடத்துக் கேமராவில் ஒலி இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு பழைய கைப்பேசியைப் பேச்சைப் பதிவு செய்யும்படி வைத்து, குழந்தையின் பையில் டயபருக்கு அடியில் செருகி அனுப்பிவிட்டாள். மூன்று நாள் அப்படி அனுப்பியிருக்கிறாள். இரவில் எல்லாரும் தூங்கின பிறகு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

நான்காம் நாள் மாலை வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். “மாமி, தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கணும்” என்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடப் பதிவைப் போட்டுக் காட்டினாள்.

என் குரல்தான். “இன்னொரு தரம் தள்ளினியோ, வாசல்ல விட்டுக் கதவைச் சாத்திடுவேன்!”

அது அவள் பிள்ளையிடம் சொன்னது அல்ல, இன்னொரு பையனிடம். அவன் சின்னக் குழந்தையைத் தள்ளிவிட்டிருந்தான். ஆனால் அது ஒரு சமாதானமா? இருபது வருஷம் குழந்தை வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவள் இரண்டு வயதுப் பிள்ளையை வாசலில் விட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறேன். அப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. என் அம்மா எங்களிடம் சொன்னது, அவள் அம்மா அவளிடம் சொன்னது, என் வாயில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. “தப்புதாம்மா” என்றேன். வேறு என்ன சொல்ல? அன்றிலிருந்து மாவ்ஷியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் குரல் ஏறினால் வந்து தோளைத் தொடு என்று. அவளும் தொடுகிறாள். சில நாள் நாலைந்து தடவை.

ஆக, ஒலிப்பதிவினால் பயன் இல்லை என்று நான் சொன்னால் அது பொய். படத்தில் அந்த மிரட்டல் தெரிந்திருக்காது. ஒரு கிழவி கையை ஆட்டிப் பேசுகிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். இதை மறைக்காமல் எழுதிவிட்ட பிறகுதான் மேலே சொல்லும் தகுதி எனக்கு வருகிறது.

அந்த மூன்று நாள் பதிவில் வேறொன்றும் இருந்தது. இன்னொரு குழந்தையின் தாய், உடம்பு சரியில்லை என்று அரை நாள் விடுப்பில் மதியமே வந்துவிட்டவள், குழந்தை தூங்கட்டும் என்று என் அருகில் உட்கார்ந்து அழுதாள். கணவருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. மாமனார் மாமியாருக்குத் தெரியாது. தினமும் காலையில் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய் எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். இதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். என்னிடம் சொன்னதாகத்தான் நினைத்தாள்.

பதிவைக் கேட்ட தாய் கெட்டவள் அல்ல. வம்பு பேசுகிறவளும் அல்ல. பத்து நாள் கழித்து ரயிலில் பெண்கள் பெட்டியில் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, உண்மையான அக்கறையோடு, “உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது கிடைச்சுதா? எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்க” என்று கேட்டிருக்கிறாள். பெட்டியில் அதே கட்டடத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்தக் குழந்தை வரவில்லை. அடுத்த நாள் குழந்தையின் பையையும் தட்டையும் வாங்கிக்கொண்டு போக அதன் தாத்தா வந்தார். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் பெண் இன்று வரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறாள். பையில் கைப்பேசி இருந்த கதையை நான் சொல்லி அனுப்பினேன். நம்பினாளோ இல்லையோ. நம்பினால் மட்டும் என்ன, அவள் வாய்விட்டு அழுத ஒரே இடம் போனது போனதுதான்.

கடிதம் எழுதிய அன்பர் நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ கேமரா காதோடு இருந்தால் அங்கு வருகிறவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டுப் போகலாம். பாள்ணாகர் ஒரு வீடு. பிள்ளையை எடுக்க வரும் தாய் அலுவலகத்தில் பட்ட அவமானத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறாள். என் கணவர் பனியனோடு கூடத்துக்கு வந்து காப்பி கேட்கிறார், பக்கத்திலேயே என் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதையும் பேசுகிறார். மகன் உள்ளறையில் அலுவலகப் பேச்சுப் பேசுகிறான். மாவ்ஷியின் மகள் தொலைபேசியில் மாமியார் கொடுமையைச் சொல்லி அழுகிறாள். படம் இதையெல்லாம் எடுத்தாலும் ஊமைப் படம். ஒலி எடுத்தால் பன்னிரண்டு மணி நேரமும் நாலைந்து குடும்பங்களின் உள்விஷயம் எட்டுப் பெற்றோர் கைக்குப் போகிறது. குழந்தையின் பாதுகாப்புக்கு இதில் எது வேண்டியிருந்தது?

இப்போது விற்கும் வீட்டுக் கேமராக்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒலிவாங்கியோடுதான் வருகின்றன என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. நாமாகப் போய் ஒலியை நிறுத்தினால்தான் நிற்கும். நான் புதுக் கேமரா மாற்றியபோது மகன்தான் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினான்.

கைப்பேசி விஷயம் தெரிந்த பிறகு என் வீட்டில் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் வீடு ஓசை அடங்கிக் கிடந்தது. எந்தப் பையில் எது இருக்கிறதோ என்று மாவ்ஷி பாட்டை நிறுத்திவிட்டாள். அவள் மராட்டியில் ஓவி பாடித்தான் தூங்க வைப்பாள், நான் தூளியை ஆட்டியபடி என் கட்டைக் குரலில் தமிழில் தாலாட்டுவேன். இரண்டும் இல்லை. யாரோ கேட்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் நாக்கு தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறது. தாச்சிக்கோ, மம்மு சாப்பிடு என்று கொஞ்சிக்கொண்டிருந்தவள், “சாப்பிடு, தூங்கு” என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரிப் பேசினேன். பேச்சு வரத் தொடங்கும் வயதில் குழந்தைக்கு வேண்டியது பேச்சும் பாட்டும்தான். தன்னிடம் பேசுகிற மனிதர்களைப் பார்த்துத்தான் குழந்தை பேசக் கற்கிறது. பயந்து பேசுகிற வீட்டில் அது எதைக் கற்கும்? ஒரு வாரம் கழித்து மாவ்ஷி தானாகவே பாட ஆரம்பித்தாள். அவளாலும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்.

மாவ்ஷியைப் பற்றி இன்னொன்று. 2016-இல் முதல் கேமரா வந்த அன்று அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது குழந்தைகளைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?” என்று கேட்டாள். நான் இரண்டுக்கும்தான் என்றேன், என்னையும் சேர்த்து என்றேன். “அப்போ சரி” என்றாள். கேமரா வைக்கிற வீடுகளில் எத்தனை பேர் வேலைக்காரப் பெண்ணிடம் இதை ஒரு வார்த்தை சொல்கிறார்கள்? அவளும் ஒரு மனுஷிதானே. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த ஒவ்வொருவரில் மாவ்ஷியும் உண்டு.

கைப்பேசியில் எந்நேரமும் நேரடியாகப் பார்ப்பது பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் அதைச் செய்து பார்த்துக் கைவிட்டவள். 2018-இல் பெற்றோர் வற்புறுத்தியதால் நாலு மாதம் திறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஒரு தாய் கூப்பிடுவாள், “அவன் ஏன் மூலையில தனியா உக்காந்திருக்கான்?” அவன் காலைக்கடன் கழித்துக்கொண்டிருப்பான். அதை அப்படித்தான் தனியாகச் செய்வான். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பாட்டி, மகளிடம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, தூளியை இன்னும் தாழ்த்திக் கட்டச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டார். (அவர் சொன்னது சரிதான், தாழ்த்திக் கட்டினேன்.) வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குழந்தையின் தாய் பார்க்கும்போது மற்ற ஏழு குழந்தைகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறாள். உடை மாற்றும்போதும் பார்க்கிறாள். அவள் மட்டுமா, கடவுச்சொல் தெரிந்த அவள் கணவன், கொழுந்தன், யார் யாரோ. அதோடு வேலைக்கு நடுவே அந்தப் பெண்கள் பட்ட பாடு! பிள்ளை அழுவதைத் திரையில் பார்க்கிறாள், எழுந்து ஓடி வர முடியாது. அந்த நாலு மாதமும் பால் கட்டின வலி மாதிரி இருந்தது என்று ஒருத்தி பின்னால் சொன்னாள். தில்லி அரசு 2019-இல் தன் பள்ளி வகுப்பறைகளில் கேமரா வைத்துப் பெற்றோர் பார்க்க வழி செய்தபோது அதை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள். அப்போது அது வீண் எதிர்ப்பு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இணையத்தில் போகிற படம் நம் கையில் நிற்பதும் இல்லை. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பெண்களைப் பரிசோதிக்கிற காட்சிகள், திருடப்பட்டு இணையத்தில் விலைக்குப் போனதாகச் செய்தி வந்தது. எல்லாருக்கும் தெரிந்த சாதாரணக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதுதான் இப்படிப்பட்ட திருட்டுகளுக்கு வழி என்றார்கள். அதைப் படித்த அன்றே என் கேமராவை இணையத்திலிருந்து அறுத்துவிடச் சொன்னேன். இப்போது அது உள்ளே இருக்கும் சிறிய அட்டையில் மட்டும் பதிகிறது. அட்டை நிறைந்தால் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மகனிடம் கேட்டேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அவர்கள் நடவடிக்கைகளைக் கண்காணிக்கவும் தடை இருக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகளில் காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கண்காணிக்கிற அளவுக்கு மட்டும். இவற்றில் பெரும்பகுதி நடைமுறைக்கு வர விதிகளிலேயே பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஆனால் “பாதுகாப்புக்கு மட்டும்” என்ற அந்த வரம்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குழந்தை சாம்பாரைத் தலையில் கொட்டிக்கொண்ட படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரும் சிரிப்பது பாதுகாப்பில் சேராது. நானும் முன்பு போட்டிருக்கிறேன், இப்போது நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் பேச்சினால் வரும் கொடுமையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில் பழைய பதில்தான்: வந்து கேளுங்கள். என் வீட்டில் பெற்றோர் எந்த நேரமும் சொல்லாமல் வரலாம். வாசலில் நின்று இரண்டு நிமிடம் காதைக் கொடுத்தாலே உள்ளே என்ன குரல் கேட்கிறது என்று தெரிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களால் எப்படி முடியும் என்றால், மாதத்தில் ஒரு நாள் முன்கூட்டிக் கிளம்ப முடியாதா? தாய்க்கு முடியாவிட்டால் தகப்பன் வரட்டும். இத்தனை ஆண்டுகளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டிப் பார்த்த தகப்பன்மார்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முன்னறிவிப்பு இல்லாமல் வரக் கூடாது என்று சொல்கிற காப்பகத்தில், பத்துக் கேமரா இருந்தாலும் பிள்ளையை விடாதீர்கள்.

இன்னொன்று, பையில் கைப்பேசி வைத்து அனுப்பிய தாயிடம் பிற்பாடு நான் கேட்டது. “நான் அடிக்கிறேன்னு நிஜமா நினைச்சிருந்தா, மூணு நாள் எப்படிம்மா அனுப்பிச்சே?” அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வேற எங்க மாமி விடுவேன்?” என்றாள். கட்டுரையில் எத்தனை பெரிய விஷயம் எழுதினாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விடுப்பு முடிந்துவிட்டது, ஊரில் இருந்து மாமியார் வர முடியாது, நல்ல காப்பகம் எல்லாம் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன்: மனதில் அவ்வளவு பலமான சந்தேகம் இருந்தால் ஆதாரம் தேடுவதற்காகக் குழந்தையை அங்கேயே விட்டு வைக்காதீர்கள். அன்றே எடுத்துவிடுங்கள். காயம் இருந்தால் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு இருக்கிறது? சந்தேகம் அந்த அளவுக்கு இல்லை, குழப்பம்தான் என்றால், நேரே வந்து கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவளா, உட்கார்ந்து யோசிக்கிறவளா என்பதே பாதி பதில்.

அந்தப் பையன் “பாட்டி அடி” என்று எதைச் சொன்னான் என்பது எங்கள் இருவருக்கும் இன்று வரை விளங்கவில்லை. மூன்று நாள் பதிவிலும் அதற்கு விடை இல்லை. ஒரு மாதத்தில் அழுகையும் நின்றுவிட்டது. தொடர்ந்து என்னிடமே வந்தான், இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான்.

கடைசியாக, பணம் பற்றி ஒரு வார்த்தை. கேமரா இருக்கிறதா, ஒலி உண்டா என்று முதல் கேள்வியாகக் கேட்கிறவர்களில் பலர், எட்டுக் குழந்தைக்கு எத்தனை கைகள் என்று கேட்பதில்லை. இன்னொரு மாவ்ஷி வைத்தால் மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும் என்று ஒருமுறை கூட்டிச் சொன்னேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள், “கேமராதான் இருக்கே மாமி” என்றார்கள். மதியம் நான்கு மணிக்கு நாலு குழந்தை ஒரே நேரத்தில் எழுந்து அழும்போது கேமரா எதையும் தூக்கி வைத்துக்கொள்ளாது. நான் கத்தின அன்றும் மாவ்ஷி விடுப்பில் இருந்தாள்.

என் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இதுதான். கூடத்திலும் தூளி கட்டியிருக்கும் அறையிலும் கேமரா உண்டு. குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கிடையாது. ஒலி கிடையாது. சேரும் முதல் நாளே பெற்றோரிடமும் மாவ்ஷியிடமும் எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். குழந்தை மேல் ஒரு கீறல் தெரிந்தாலும் ஒரு வாரத்துக்குள் வந்து கேட்டால், இருவருமாக உட்கார்ந்து அந்த நேரத்துப் படத்தைப் பார்ப்போம். படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. இதுவரை நாலு முறை அப்படிப் பார்த்திருக்கிறோம். மூன்று முறை பிள்ளைகளின் சண்டை. ஒரு முறை என் தவறு, கதவு இடுக்கில் விரல் மாட்டியதை நான் கவனிக்கவில்லை. இப்போது அந்தக் கதவில் ரப்பர் கட்டை வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் இரண்டு குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், இரண்டு இடம் காலியாகும். கடிதம் எழுதிய அன்பரின் மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. டோம்பிவிலிப் பக்கம் என்றால் வந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாளும் வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டாம். மதியம் ஒன்று முதல் மூன்று வரை மட்டும் மணியை அடிக்காமல் கதவை மெல்லத் தட்டச் சொல்லுங்கள், தூங்கிக்கொண்டிருப்பார்கள்.